‘குறும்பு’ என்று பதிந்த படிவம்: கோலாலம்பூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் பையனை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக அவன் வயது, ஊர், தங்கிய இடம் முதலியவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவனுக்கு என்ன நடந்தது என்ற விவரத்தை எங்கேயும் எழுதப்போவதில்லை. அவன் சொன்னது என் காதில் எப்படி விழுந்தது, அதனால் அவனுக்கு எத்தனை மாதம் வீணாய்ப் போனது என்பதுதான் இங்கே விஷயம். பிழை என்னுடையது. அதை மட்டும் மாற்றவில்லை.

முதல் நாள்

2012ஆம் ஆண்டு நடுப்பகுதி. செந்தூல் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அகதிகளுக்கான உதவி நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கீழே டயர் கடை. சக்கரத்தின் நட்டைக் கழற்றும் மெஷின் அலற ஆரம்பித்தால் மாடியில் யாரும் பேச முடியாது. அது ஓயும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். சம்பளம் இல்லை, சனிக்கிழமை மட்டும். எனக்கு வைத்த தேர்வு ஒரே கேள்விதான்: தமிழ் தெரியுமா? தெரியும் என்றேன், சரி வாருங்கள் என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தமிழ் தெரியாமல் போகுமா என்ற நினைப்பு அவர்களுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து தமிழர்கள் பலர் மலேசியாவுக்கு வந்தார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் அகதி என்று ஓர் ஆள் கிடையாது, அனுமதி இல்லாமல் இருப்பவர் மட்டும்தான் உண்டு. புக்கிட் பெட்டாலிங்கில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்து ‘யு.என். கார்டு’ வாங்கிக்கொள்வார்கள். கார்டு இருந்தால் போலீஸ் பிடித்தாலும் பேசிப் பார்க்க ஒரு வழி இருக்கும். சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கிறது: இப்போது பதிவு செய்தவர்கள் 1,80,000 பேருக்கும் மேல். பெரும்பாலானவர்கள் மியன்மாரிலிருந்து வந்தவர்கள்.

பையனுக்கு 16 வயது. வன்னிக்காரன். அம்மா ஊரில், அப்பா இல்லை. உறவுக்காரர் ஒருவரோடு புறப்பட்டு, தாய்லாந்தில் அவரைப் பிரிந்து, எல்லை தாண்டித் தனியாக வந்து சேர்ந்தவன். வாரியிருந்த தலைமுடி ஒரு இழைகூடக் கலையவில்லை. நான் ‘நீ’ என்று பேசினேன், அவன் ‘நீங்கள்’ என்று பேசினான். எங்கள் ஊரில் பிள்ளைகளை ‘நீ’ என்பதுதான் பாசம். அவன் ஊரில் பழகாத பெரியவர் அப்படிக் கூப்பிட்டால் அதட்டல் மாதிரி இருக்குமாம். இதுவும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்த அலுவலர் படித்துக் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், அவன் பதிலை ஆங்கிலத்தில் திருப்புவேன். இலங்கையில் முகாமில் இருந்தபோது யாராவது உனக்குத் துன்பம் கொடுத்தார்களா என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. அதை நான் இப்படிக் கேட்டேன்: “முகாம்ல உன்னை யாராச்சும் அடிச்சாங்களா தம்பி?”

கேள்வியை என் வாயாலேயே சுருக்கிவிட்டேன், பாருங்கள். துன்பம் என்றால் எனக்கு அடிதான்.

“அடிக்கேல்லை அக்கா. ஆமிக்காரர் சேட்டை விட்டவங்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சேட்டை! இந்த நாட்டில் சேட்டை என்றால் வாலுத்தனம். வகுப்பில் பின்வரிசைப் பையன் முன்வரிசைப் பிள்ளையின் சடையை இழுப்பது சேட்டை. சிப்பாய்கள் விளையாட்டாகச் சீண்டினார்களாம் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலர் அரை வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் சிரித்ததைப் பையன் பார்த்தான். கீழே மெஷின் அலறியது. ஓய்ந்ததும் மீதிக் கேள்விகளுக்கு அவன் ‘ஓம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொன்னான்.

ஷூவோடு தூங்குகிறவன்

படிவத்தில் அபாயக் குறி எதுவும் இல்லாததால் அவனைச் சாதாரண இடத்தில் வைத்தார்கள். ஒரு ப்ளாட்டில் ஐந்து ஆண்களோடு. எல்லாரும் அவன் ஊர்ப்பக்கத்து ஆட்கள், நல்ல மனிதர்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் புகார் வந்தது. பையன் ராத்திரியில் அறையில் படுப்பதில்லை, மாடிப்படித் திருப்பத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து தூங்குகிறான், அதுவும் ஷூ போட்டு, லேஸ் கட்டிக்கொண்டு.

ஷூவோடு தூங்குவது அந்தக் கட்டடத்தில் புதுமை இல்லை. சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் இறங்கி ஓடப் பலர் அப்படித்தான் படுப்பார்கள். ஆகவே நாங்களும் அதையே காரணமாக எடுத்துக்கொண்டோம். கார்டு வந்ததும் சரியாகிவிடும் என்று அலுவலர் சொன்னார். கார்டு வந்தது, பையன் படிக்கட்டைவிட்டு நகரவில்லை. கட்டடத்துக் காவலாளி நேபாளத்துக்காரர், அதிர்ந்துகூடப் பேசமாட்டார். அவர் சீருடையில் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் பையன் எழுந்து மேல்மாடிக்குப் போய்விடுவானாம். மூத்தவர் ஒருவர் சலித்துக்கொண்டார்: “பொடியன் ஒரு மாதிரி, அக்கா. ஆரோடயும் கதைக்க மாட்டன் எண்டுறான்.”

இந்தக் ‘கதைக்க’ என்ற சொல்லிலும் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்திருக்கிறேன். அவர்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது. நம் காதுக்கு அது கதை விடுவது. அதைக் கற்றுக்கொண்டதும் இலங்கைத் தமிழ் முழுக்கக் கைவந்துவிட்டதாக ஒரு மமதை வேறு.

ஏழு மாதம் இப்படிப் போனது.

பிரிக்பீல்ட்ஸில் கிடைத்த சொல்

பிரிக்பீல்ட்ஸ் லோரோங் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் கட்டிய கோயில். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் தன் மகளிடம் பஸ்ஸில் நடந்த ஏதோ சம்பவத்தைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். எவனோ ஒருவன் பள்ளிக்கூடப் பெண்ணின் மேல் கை வைத்திருக்கிறான். “பள்ளிக்கூடப் பிள்ளையிட்டச் சேட்டை விட்டிருக்கிறான், வெக்கங்கெட்டவன்” என்றார்.

செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

அவரிடமே கேட்டேன். “அம்மா, சேட்டைன்னா குறும்புதானே?” என்னை ஏற இறங்கப் பார்த்தார். சின்னப் பிள்ளை செய்தால் குறும்பு, பெரிய ஆள் செய்தால் அது வேறு என்றார். யாழ்ப்பாணத்துப் பேப்பரில் ‘அங்கசேட்டை’ என்று போடுவார்களே, பார்த்ததில்லையா என்றும் கேட்டார். உடம்பில் கைவைப்பதற்கு அதுதான் அங்கே பேப்பரில் வரும் சொல்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொல்லாமல் மறைத்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அவனிடம் கேட்ட முதல் நாளிலேயே, கேட்ட முதல் ஆளிடமே, தன் பாஷையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். கேட்ட ஆள் சிரித்தாள்.

பாஷை மட்டும்தான் காரணமா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அதே வாக்கியத்தை ஒரு பெண்பிள்ளை சொல்லியிருந்தால் ‘என்ன சேட்டைம்மா?’ என்று நிச்சயம் கேட்டிருப்பேன். பையன் என்பதால் மனம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வயசுப்பிள்ளைகளின் முகத்தில் கரி பூசி, முடியை ஒட்ட வெட்டி, கால்சட்டை மாட்டிப் பையன் மாதிரி ஆக்கி வைத்ததைச் சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது, வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்குள் ஒரு கணக்கு ஊறிப்போயிருந்தது: பையனாக இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

எழுத்தில் வராதது கணக்கில் வராது

இந்த விஷயத்தில் உலகச் சட்டம் எங்கே நிற்கிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

போரில் சிறுவர்மீது நடக்கும் ஆறு கொடுமைகளை ஐ.நா. தனியாகக் கணக்கெடுக்கிறது: கொல்வதும் ஊனமாக்குவதும், படையில் சேர்ப்பது, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்குவது, உதவி போய்ச்சேரவிடாமல் தடுப்பது. 2005இல் பாதுகாப்புச் சபையின் 1612ஆம் தீர்மானம் இதைக் கண்காணிக்க ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆண்டும் பொதுச் செயலாளரின் அறிக்கையோடு குற்றம் செய்த படைகளின் பட்டியல் ஒன்று வரும். முதலில் சிறுவரைப் படையில் சேர்த்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெற்றார்கள். பாலியல் வன்முறைக்காகவும் ஒரு படையின் பெயரை அதில் போடலாம் என்று ஆனது 2009இல், 1882ஆம் தீர்மானத்தில். ஆண்களும் பையன்களும்கூட இதற்கு ஆளாகிறார்கள் என்று பாதுகாப்புச் சபை எழுதியது 2013இல்தான், 2106ஆம் தீர்மானத்தில். நான் அந்தப் படிவத்துக்கு ‘குறும்பு’ என்று சொல்லிக் கொடுத்த அடுத்த ஆண்டு. எனக்குத் துணைக்கு ஆள் இருந்தது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டுக்கொள்ள முடியவில்லை.

2024ஆம் ஆண்டுக்கு ஐ.நா. உறுதிசெய்த கொடுமைகள் 41,370. அதில் பாலியல் வன்முறை முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு கூடியிருக்கிறது. இவை உறுதிசெய்ய முடிந்தவை மட்டும். ஒரு பிள்ளை வாய் திறந்து, அது சரியாகக் காதில் விழுந்து, சரியான சொல்லில் எழுதப்பட்டு, இன்னொரு ஆதாரத்தோடு பொருந்தினால்தான் அந்த எண்ணில் ஒன்று கூடும். எங்கள் பையன் முதல் படியைத் தாண்டினான். இரண்டாவது படியில் நான் நின்றிருந்தேன்.

நீதிமன்றத்திலும் இதே கதைதான். அதே 2012 மார்ச்சில், ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பைச் சொன்னது. காங்கோவின் தோமஸ் லுபங்கா, சிறுவரைப் படையில் சேர்த்த குற்றவாளி. அந்தப் படையில் சிறுமிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளைச் சாட்சிகள் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் அது இல்லை. இல்லாத குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2019இல் அதே காங்கோவின் போஸ்கோ என்டகண்டா வழக்கில்தான் அந்த ஓட்டை அடைபட்டது. தன் படையிலேயே இருந்த சிறுவர்மீது நடந்த பாலியல் வன்முறையும் போர்க்குற்றமே என்று நீதிமன்றம் சொன்னது, 30 ஆண்டு தண்டனை கொடுத்தது.

சரி, மலேசியா? அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் 2019 மார்ச் 4ஆம் தேதி சேர்ந்தோம், அரசியல் சலசலப்பு எழுந்தது, ஏப்ரல் 29ஆம் தேதி விலகிவிட்டோம். இரண்டு மாதம்கூட இல்லை. உள்நாட்டில் 2017இல் வந்த சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நல்ல சட்டம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பேதம் பார்க்காது, 18 வயதுக்குக் கீழே இருந்தால் எல்லாரும் சிறுவர்தான். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குற்றம் வெளிநாட்டில் நடந்தாலும் செய்தவர் மலேசியக் குடிமகனாக இருந்தால் இங்கே வழக்குப் போடலாம். இன்னொரு நாட்டுச் சிப்பாய் இன்னொரு நாட்டில் செய்ததற்கு அந்தச் சட்டத்தின் கை எட்டாது. ஆக, பையனுக்கு இங்கே வழக்கு என்று ஒன்று இல்லை. கிடைக்கக்கூடியது பாதுகாப்பு, வைத்தியம், ஒழுங்கான ஒரு பதிவு, அவ்வளவுதான்.

இலங்கையில் வழக்கே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1996இல் செம்மணிச் சோதனைச் சாவடியில் கொல்லப்பட்ட மாணவி கிருஷாந்தி குமாரசாமியின் வழக்கில் 1998இல் படையினர் தண்டிக்கப்பட்டார்கள். இன்றுவரை எல்லாரும் அந்த ஒரு வழக்கையே எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதிலிருந்து மற்றவற்றின் கதியைப் புரிந்துகொள்ளலாம். 2015இல் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, காவலில் இருந்த பெண்களோடு ஆண்களும் பாலியல் கொடுமைக்கு ஆளானதை விரிவாகவே பதிவுசெய்தது. பையன் பேச முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரின் கடைசிக் காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. சிறுவரைச் சேர்த்ததற்காகப் புலிகளின் பெயரும் ஐ.நா. பட்டியலில் இருந்தது. பிடித்துக்கொண்டு போனார்களா, எத்தனை நாள் இருந்தாய் என்ற கேள்வி அடுத்ததாக வருமோ என்ற பயத்தில், ஆமி செய்ததையும் சேர்த்து விழுங்கிவிட்ட பிள்ளைகள் பலர். இவனும் அப்படித்தான்.

திரும்பப் போனது

மறுவாரம் நிலையத்தில் உண்மையைச் சொன்னேன். படிவத்தில் தவறு நடந்திருக்கிறது, நான் செய்தது என்று. உடனே ஒரு கூட்டம் போடலாம், பையனைக் கூப்பிட்டு எல்லாரும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுவிடலாம் என்றார் ஒருவர். நல்ல எண்ணம்தான். நிலையத்துக்கு மாதம் இருமுறை வரும் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர்தான் தடுத்தார். “இது யாருக்கெல்லாம் தெரிஞ்சே ஆகணும்? அவன் எங்க தூங்குறதுன்னு முடிவு பண்றவருக்கு. எனக்கு. வேற யாருக்கு?” யாரிடமும் பதில் இல்லை.

அவர் இன்னொரு கணக்கும் போட்டார். இந்தப் பையன் இதுவரை எத்தனை பேருக்குத் தன் கதையைச் சொல்லியிருக்கிறான், இனி எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டிவரும்? நிலையம், மருத்துவர், மனநல ஆலோசகர், ஐ.நா. அலுவலர், வேறு நாட்டில் குடியேறப் போனால் அந்த நாட்டு அதிகாரி, அங்கே ஒரு மருத்துவர். ஒவ்வொருவருக்கும் வேறு மொழிபெயர்ப்பாளர், வேறு சொல். இரண்டு பதிவில் இரண்டு மாதிரி இருந்தால் பிள்ளை பொய் சொல்கிறது என்பார்கள். ஆகவே ஒரே ஒரு முறை, ஒரே ஒருவர் கேட்டு, அவன் சொன்ன சொல்லிலேயே எழுதி, அவன் சம்மதத்தோடு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு முறையாகவே எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவரிடம் தகவல் கேட்பவர்களுக்கு, நோபல் அமைதிப் பரிசு பெற்ற, ஈராக்கின் யாசிதி இனப் பெண் நாடியா முராத்தின் பெயரில் 2022இல் ஒரு நடத்தை நெறியே வந்திருக்கிறது. எங்கள் மருத்துவர் அதையெல்லாம் படித்துவிட்டுப் பேசவில்லை. அனுபவம்.

கேட்கும் வேலை மருத்துவருடையது. மொழிபெயர்க்க வேறு ஆள் தேடுங்கள் என்று நான் சொன்னேன். பையனிடமே கேட்போம் என்றார் அவர். அந்த அக்காவே இருக்கட்டும் என்று அவன் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான்.

டயர் கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வைத்தோம். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை ‘நீங்கள்’ போட்டு. “அன்னிக்கு நீங்க சேட்டைன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம். நான் தப்பா விளங்கிக்கிட்டேன்.”

கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அண்டைக்கே சொன்னனான்தானே, அக்கா.”

மருத்துவர் இப்படித்தானே, அப்படித்தானே என்று எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. சேட்டை என்றால் உங்கள் ஊரில் என்ன என்று மட்டும் கேட்கச் சொன்னார். இதுவும் முக்கியம். யாழ்ப்பாணத்திலும் தவழும் குழந்தை செய்தால் அது சேட்டைதான். சொல்லைக் கேட்டதும் நாமே பாய்ந்து பெரிய அர்த்தத்தை ஏற்றிவிட்டால் அதுவும் பிள்ளையின் வாயை அடைப்பதுதான், முன்பு செய்ததை மறுபக்கமாகச் செய்வது. அவன் மூன்று வாக்கியம் சொன்னான். போதும் என்று மருத்துவர் பேனாவை மூடினார். மீதி அவனுக்கு எப்போது வேண்டுமோ அப்போது, யாரிடம் வேண்டுமோ அவரிடம். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

அவன் வாயிலிருந்து அன்று வந்த வேறு சொற்களும் என் நோட்டில் ஏறின. ‘கரைச்சல் குடுக்கிறது’ என்றால் தொல்லை கொடுப்பது. ‘வெருட்டுறது’ மிரட்டுவது. ‘அரியண்டம்’ அருவருப்பு, தாங்க முடியாத தொந்தரவு. ‘பகிடி’ நமக்குக் கேலி, ஆனால் அதோடு ‘வதை’ சேர்ந்து ‘பகிடிவதை’ ஆனால் வேறு கதை. அங்கே பல்கலைக்கழகத்தில் புதியவர்களைப் படுத்தும் பாட்டுக்கு அந்தப் பெயர். இந்தச் சொல் எதுவுமே அகராதி பார்க்க வேண்டிய சொல் இல்லை, எல்லாமே தமிழ். ஆபத்தே அதுதான். ரோஹிங்யா மொழியோ பர்மிய மொழியோ என்றால் தெரியாது என்று கையைத் தூக்கியிருப்பேன்.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து கொடுக்கலாம். அப்படி உடனே வருகிறவர்களுக்கு இங்கே பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலேயே தனி இடம் உண்டு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் 1990களிலேயே அது தொடங்கிவிட்டது. போரிலிருந்து தப்பி வரும் பிள்ளைக்கு அந்த 72 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். அதற்காக வைத்தியமே இல்லை என்று ஆகாது. எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் ரத்தம் பார்க்கலாம், தடுப்பூசி போடலாம், தூக்கத்துக்கு வழி பண்ணலாம். வேண்டாம் என்று தோன்றினால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று மருத்துவர் சொல்லிவைத்தார். ரத்தம் எடுக்கும்போது ஒருமுறை தூக்கிப் பார்த்தான். நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து, “சரி, எடுங்கோ” என்றான். சொன்னால் நிறுத்துகிறார்களா என்று சோதித்தான் என்றுதான் நினைக்கிறேன். ரத்தத்தில் எல்லாம் சுத்தம்.

வீடு மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சிகாம்புட்டில் ஒரு குடும்பம் முன்வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், அவர்களும் கார்டுக்காரர்கள்தான். அவர்களிடம் காரணம் சொல்லவில்லை, தனி அறை தேவை என்று மட்டும் சொன்னோம். ஆனால் இதற்கு முன்னால் நிலையத்துக்குள்ளேயே ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: இந்த மாதிரி நடந்த பையனைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கலாமா, நாளைக்கு அவனே ஏதாவது செய்துவிட்டால்? கொடுமைக்கு ஆளானவனையே குற்றவாளியாக்கும் இந்தப் பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை என்று மருத்துவர் விளக்கினார். எனக்குப் பொறுமை இல்லை, கத்திவிட்டேன்.

வீடு பார்க்கப் போன அன்று பையன் சமையலறையையோ ஜன்னலையோ கவனிக்கவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒரே கேள்வி கேட்டான்.

“உள்ளுக்குப் பூட்டலாமோ?”

தாழ்ப்பாள் இருந்தது, துருப்பிடித்திருந்தது. வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் விட்டு நாலு தடவை இழுத்துக் காட்டினார். மூன்றாம் வாரம் ஷூ வாசலில் கிடந்தது என்று அந்த அம்மா போனில் சொன்னார். ஏன் அதை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

பதிவைத் திருத்தியது

பழைய படிவத்தைக் கிழித்துப் போட முடியாது. முன்னுக்குப் பின் முரண் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதால், முதல் நாள் அவன் சொன்ன வாக்கியம் இது, மொழிபெயர்ப்பில் நேர்ந்த தவறு இது, செய்தவர் இவர் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பின்னால் இணைத்தேன். அவன் வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே, உச்சரித்தபடியே எழுதினேன். அந்த நிலையத்தின் படிவத்தில் அதற்குப் பிறகு ஒரு கட்டம் கூடியது: பிள்ளை சொன்ன சொல், பிள்ளையின் மொழியில். ரோஹிங்யாப் பிள்ளைகள் வர ஆரம்பித்தபோது அந்தக் கட்டம் ரொம்பவே உதவியது என்று கேள்விப்பட்டேன்.

மருத்துவரின் அறிக்கை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். வெளியே அனுப்புமுன் அவனுக்குப் படித்துக் காட்டச் சொன்னார். யாருக்குப் போகும், எதற்குப் போகும், வேண்டாம் என்றால் எந்த வரியை எடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னான்.

“அதைத் திரும்ப வாசியுங்கோ அக்கா.”

“முகாமில் தனக்கு இது நடந்ததாக ஒப்புக்கொண்டான்.”

“ஒப்புக்கொள்ளுறதுக்கு நான் என்ன களவெடுத்தனானோ?”

மருத்துவர் எழுதிய ஆங்கிலச் சொல்லில் அப்படி ஒரு குற்றத் தொனி இல்லை. தமிழில் அதைப் போட்டது நான்தான், மறுபடியும். வேறு என்ன போடலாம் என்று அவனிடமே கேட்டேன்.

“சொன்னனான். சொன்னனான் எண்டு போடுங்கோ.”

தமிழ் வரி இருந்த தாளில் ‘ஒப்புக்கொண்டான்’ என்பதை அடித்துவிட்டு, மேலே அவன் சொன்னபடியே எழுதினேன். ‘ன்ன’வுக்கு அடுத்து ‘னா’வும் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.